சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்: நீலகிரியின் ஓர் அரசு முகமையில் நடந்த நிகழ்வு

நீலகிரியில் சிறு விவசாயிகளுக்கு உதவி வழங்கும் ஓர் அரசு முகமையில் தலைமைத் தகவல் அலுவலர் என்று புதிதாக ஒரு பதவி வந்தது. அந்தப் பதவியில் நான் இருந்த முதல் ஆண்டில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். முகமையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். இடங்களை மட்டும் மாற்றவில்லை. இடத்தை மாற்றினால் நடந்தது எதுவும் புரியாது.

பின்னணி

ஊட்டியில் தலைமை அலுவலகம். குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர், பந்தலூர் என்று ஐந்து கிளைகள். நாற்று, உரம், கைக்கருவிகள், தெளிப்புநீர்க் குழாய் ஆகியவற்றை மானியத்தில் தருவது எங்கள் வேலை. காற்றிலும் மழையிலும் பயிர் போனால் சிறு நிவாரணமும் உண்டு. கோத்தகிரிப் பக்கம் தேயிலை, ஊட்டியைச் சுற்றிக் கேரட்டும் உருளைக்கிழங்கும், கூடலூர் பந்தலூரில் நேந்திரன் வாழை, இஞ்சி, மிளகு, காப்பி. ஒரே மாவட்டம்தான், ஆனால் மழைகூட ஒரே நேரத்தில் பெய்வதில்லை. கூடலூரும் பந்தலூரும் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்கு மழைதான் பெரிது.

நான் ஜனவரியில் சேர்ந்தேன். பதவியை உருவாக்கிய ஆணை ஒரு பக்கம். அதில் பணி பற்றி இருந்தது ஒரே வரி: ‘முகமையின் கணினிமயமாக்கல் பணிகளைக் கவனித்தல்.’ கோப்புகள் நிர்வாக அலுவலர் வழியாகத்தான் இயக்குநருக்குப் போகும். முதல் இரண்டு மாதம் என் மேசைக்கு வந்தவற்றில் பாதி, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்கள். ‘தகவல் அலுவலர்’ என்றதும் தபால் பிரிவில் இருந்தவர்கள் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் பொதுத் தகவல் அலுவலர் என்று நினைத்துவிட்டார்கள். மீதிப் பாதி, பிரிண்டர் ஓடவில்லை, யு.பி.எஸ். பேட்டரி போய்விட்டது போன்ற குறிப்புகள்.

இந்தப் பதவி இன்னொரு நாட்டில் எப்படித் தொடங்கியது என்பதை இங்கே சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1996-இல் வந்த கிளிங்கர்-கோஹென் சட்டம், கூட்டாட்சி முகமைகளில் தலைமைத் தகவல் அலுவலர் பதவியை ஏற்படுத்தியது. முகமைத் தலைவருக்கு ஆலோசனை சொல்வது அவர் பொறுப்பு, தகவல் வளங்களை நிர்வகிப்பதே அவருடைய முதன்மைக் கடமை என்று அது எழுதிவைத்தது. இயந்திரங்கள் அதில் ஒரு பகுதிதான். எந்தத் தகவலைக் கேட்கிறோம், எதற்குக் கேட்கிறோம், அதை வைத்து என்ன முடிவு எடுக்கிறோம் என்பதுதான் வேலையின் நடுப்பகுதி. எங்கள் ஒரு வரி ஆணையில் அந்த நடுப்பகுதி இல்லை. நானும் அப்போது அதைக் கேட்டு வாங்கவில்லை.

மார்ச் மாதம் விவசாயிகள் பதிவுக்கான புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. நான் சேர்வதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். படிவத்தில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று பேசிய கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. ‘தொழில்நுட்ப விவரங்கள் சரியாக உள்ளன’ என்ற சான்றில் மட்டும் கையெழுத்துக் கேட்டார்கள். சர்வர், வேகம், பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்தேன். படிவத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கூடலூர் நிலம்

படிவத்தில் ஏழாவது கட்டம் ‘பட்டா எண்’. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாது.

சமவெளியில் இது ஒரு பெரிய விஷயமாக இருக்காது. கூடலூர், பந்தலூர் கதை வேறு. அங்கே நிலம் ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் கையில் இருந்தது. 1969-இல் ஜன்மம் எஸ்டேட்களை ஒழித்து ரயத்துவாரியாக, அதாவது பயிர் செய்பவர் அரசிடமிருந்து நேரடியாக நிலத்தை வைத்திருக்கும் முறைக்கு, மாற்றச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவுக்குள் வந்த குத்தகை நிலங்களின் நிலை மட்டும் பல பத்தாண்டுகளாக வழக்கிலும் பேச்சிலும் இழுத்துக்கொண்டே போகிறது. ‘செக்‌ஷன் 17’ என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தில் இரண்டு மூன்று தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்களில் கேரளத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. வாழை நட்டிருப்பார்கள், வீடு கட்டியிருப்பார்கள், ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் இருக்கும். பட்டா இருக்காது. இவர்களில் பலர் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கவே அலைந்தவர்கள்.

பனியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற பழங்குடிகளில் சிலரிடம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த உரிமை ஆவணம் இருக்கும். அதில் இருக்கும் எண் வேறு மாதிரி. எங்கள் படிவம் அதையும் ஏற்காது.

முதலில் கண்ணில் பட்டது

ஜூன் கடைசி ஆய்வுக் கூட்டத்தில் திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். பந்தலூர் முழுப் பச்சை. இலக்கு வைத்த குடும்பங்கள் அத்தனையும் பதிவாகிவிட்டன. சிக்னலே கிடைக்காத வட்டம் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டது என்று பாராட்டினார்கள். நானும் கை தட்டினேன். பட்டாவே இல்லாத ஊர் பட்டா எண் கேட்கும் படிவத்தை எப்படி முழுசாக நிரப்பியது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஜூலையில் பலத்த காற்று. குலை தள்ளிய நேந்திரன் வாழைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நிவாரணப் பட்டியல் கணக்குப் பிரிவுக்குப் போனது. ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே வேலை பார்க்கும் இளநிலை உதவியாளர் ஒருவர் ஒரு தாளோடு என் அறைக்கு வந்தார். நிர்வாக அலுவலரிடம் போகாமல் ஏன் என்னிடம் வந்தார் என்று பிறகு கேட்டேன். “நீங்க தகவலுக்குத்தானே சார்?” என்றார்.

அவர் கொண்டுவந்த தாளில் 83 பெயர்கள். எல்லாருக்கும் ஒரே பட்டா எண். அவர்கள் சொன்ன பரப்பைக் கூட்டினால் அந்தப் பட்டாவின் பரப்பைப் போலப் பல மடங்கு வந்தது. போலி என்று நினைத்து 83 பேருக்கும் பணத்தை நிறுத்திவைத்திருந்தார்கள்.

பந்தலூரில் ஒரு நாள்

போனில் கேட்டால் பயந்துகொண்டு பதில் சொல்வார்கள் என்பதால் நேரில் போனேன். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகப் பேருந்தில் கூடலூர், அங்கிருந்து பந்தலூர். கிளை அலுவலகத்தில் தணிக்கைக்கு வந்தேன் என்று சொல்லவில்லை. களப்பணியாளர் ஒருவரோடு பதிவு எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். அதுதான் உண்மையும்.

மழை விட்டிருந்தது. ஒரு அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஐம்பது வயதிருக்கும். அவருடைய அம்மா இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஆவணங்களை ஜவுளிக்கடைப் பை ஒன்றில், உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்துக் கொடுத்தார். களப்பணியாளர் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வந்தார். ஏழாவது கட்டம் வந்தது. அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், அதில் பேனாவால் எழுதி வட்டம் போட்டிருந்த எண்ணைப் பார்த்துத் தட்டினார். பக்கம் நகர்ந்தது.

“இது யாரோட நம்பர்?”

“தெரியாது சார். முதல்ல யாரோ போட்டாங்க, ஏத்துக்கிச்சு. அப்புறம் எல்லாரும் இதையேதான் போடுறோம்.” கொஞ்சம் நிறுத்தி, “இவங்களுக்கு நம்பர் இல்லைன்னு எழுத அதுல இடமே இல்ல சார். இடம் இருந்தா நான் எழுதியிருப்பேன்,” என்றார்.

அப்புறம் ஓ.டி.பி. வரவேண்டும். அந்த வீட்டில் சிக்னல் இல்லை. அக்காவின் போனை வாங்கிக்கொண்டு, மேலே பாறை இருக்கும் இடம்வரை ஏறினோம். எண் வந்தது. இறங்கி வருவதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறை டேப்லெட்டையும் சேர்த்து மேலே எடுத்துப்போனோம். நாலரை மணிக்கு மேல் அந்தப் பாதையில் யானை இறங்கும் என்று களப்பணியாளர் அவசரப்பட்டார். ஒரு நாளைக்கு எட்டுப் பதிவு போட்டால் அது பெரிய விஷயம். அந்தப் பச்சை வரைபடத்துக்குப் பின்னால் இத்தனை நடை இருந்தது.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: “தம்பி, போன வருஷம் புத்தகத்துல எழுதினப்ப இந்த நம்பர் எல்லாம் கேக்கலையே?” பழைய பதிவேட்டில் பெயர், ஊர், பயிர், பரப்பு ஆகியவற்றோடு களப்பணியாளர் நேரில் பார்த்ததற்கான கையெழுத்து இருந்தது. அவ்வளவுதான். பட்டா எண் கேட்கப்படவே இல்லை.

அந்த எண் யாருடையது என்பதையும் அன்று மாலையே கண்டுபிடித்தோம். பக்கத்துக் கிராமத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். முறையான பட்டா வைத்திருக்கும் சிலரில் ஒருவர். அவருடைய பணமும் 83 பேரோடு சேர்ந்து நின்றுபோயிருந்தது. மிளகு நாற்றுக்கான அவருடைய விண்ணப்பமும் ‘சந்தேகம்’ என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஏன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஊட்டி திரும்பியதும் நிர்வாக அலுவலர் சொன்ன முதல் வழி, களப்பணியாளர்களுக்கு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) குறிப்பாணை. பொய்ப் பதிவு செய்திருக்கிறார்கள், விதிப்படி அதுதான் நடவடிக்கை. அவர் சொன்னதில் தவறில்லை. நான் வேறு பக்கம் நின்றேன். டைரியில் எழுதிய எண்ணை மறைக்காமல் என் கண் முன்னால் தட்டியவர், ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தவர் இல்லை. படிவம் உண்மையைச் சொல்ல வழி கொடுக்கவில்லை, இலக்கு நிற்கவும் விடவில்லை. இவர்களைத் தண்டித்தால் மற்றக் கிளைகளில் இருப்பவர்கள் இதேபோன்ற சங்கதிகளை இனிமேல் என்னிடம் சொல்லமாட்டார்கள். பொய் எண்கள் எவை என்று தெரிவதற்கு அவர்களுடைய நினைவைத் தவிர வேறு வழியும் இல்லை. கிளைக்கு ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். யார் எதைப் பதிந்தார்கள் என்ற பதிவுக்குறிப்பும் ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்கப்படவில்லை. 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருந்தது. அதை நான் சேர்ந்த முதல் வாரத்தில் பார்த்திருக்கவேண்டும்.

அடுத்து, இயக்குநரிடம் நேராகப் போனேன். நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பந்தலூர், கூடலூர் எண்ணிக்கை சரியில்லை, அதை மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்றேன். ஜூன் கூட்டத்தில் பாராட்டு வாங்கிய எண்ணிக்கை அது. மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “இந்தக் கட்டத்தை யார் கேட்டாங்க?”

அன்றே கோப்பை எடுத்துப் பார்த்தோம். யாரும் கேட்கவில்லை. எங்கள் முகமையில் எந்தக் குறிப்பிலும், எந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் பட்டா எண்ணைக் கட்டாயமாக்கும் முடிவு இல்லை. மென்பொருள் நிறுவனம் சமவெளி மாவட்டம் ஒன்றுக்குச் செய்துகொடுத்த படிவத்தை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியிருந்தது. ஒருவரும் எடுக்காத ஒரு முடிவு சிவப்பு நட்சத்திரமாக உட்கார்ந்து, யாருக்கு உதவி உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த நிகழ்வில் மறக்கமுடியாதது இதுதான்.

சரி, கட்டத்தை என்ன செய்வது? என் முதல் யோசனை ஒரு தேர்வுப் பட்டியல்: தனிப்பட்டா, கூட்டுப் பட்டா, வன உரிமை, பிரிவு 17, மற்றவை. சட்ட ஆலோசகர் தடுத்தார். அவர் தடுத்த விதம் எனக்குப் பெரிய பாடம். “நீங்க ஒருத்தர் பேர் பக்கத்துல ‘பிரிவு 17’னு எழுதி வெச்சா, நாளைக்கு அது அவர் நிலத்தை அனுபவிச்சு வர்றதுக்கு ஆதாரமா ஆகலாம். அவரை வெளியேத்த ஆதாரமாவும் ஆகலாம். ரெண்டுல எதுன்னு உங்க கையில இல்ல. உங்களுக்கு அது எதுக்கு வேணும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வாழை சாய்ந்ததா, எத்தனை சாய்ந்தது, அதை நட்டவர் யார் என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டும். நிலம் யாருடையது என்பது வருவாய்த் துறையும் நீதிமன்றமும் பார்க்கவேண்டிய விஷயம்.

கடைசியில் எடுத்த முடிவு: நிவாரணத்துக்கும் நாற்றுக்கும் பட்டா எண் கேட்பதில்லை, நிலத்தின் வகையையும் கேட்பதில்லை. பயிரையும் பரப்பையும் இரண்டு பேர் நேரில் பார்த்துக் கையெழுத்திடவேண்டும். ‘இந்தப் பதிவு நில உரிமைக்குச் சான்று ஆகாது’ என்ற வரி ரசீதில் இருக்கும். தெளிப்புநீர்க் குழாய் போன்ற சில திட்டங்களில் பட்டா கேட்பது மேலிடத்து வழிகாட்டுதல். அதை எங்களால் மாற்றமுடியாது. அந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அந்தக் கட்டம் திறக்கும்படி வைக்கச் சொன்னோம்.

மென்பொருள் நிறுவனம் ஒரு கட்டத்தை எடுக்க மூன்று மாதமும் தனித் தொகையும் கேட்டது. ஒப்பந்தத்தில் படிவ மாற்றத்துக்கு வழியே வைக்கவில்லை, மூல நிரலும் எங்களிடம் இல்லை. அரசுப் பணத்தில் ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை அதே நிறுவனத்துக்கு நினைத்தபடி கொடுத்துவிட முடியாது. 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் இருக்கிறது. அதனால் கூடலூர், பந்தலூர் இரண்டுக்கும் பழைய காகிதப் பதிவேட்டுக்கே திரும்பினோம். ‘கணினிமயமாக்க வந்தவர் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்’ என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த நோட்டில் எழுதியது உண்மையாக இருந்தது.

நான் செய்த தவறு

செப்டம்பரில் பொய் எண்களைக் களையத் தொடங்கினோம். அவசரத்தில் ஒரு விதி வைத்தேன்: ஒரே பட்டா எண்ணில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் அந்தப் பதிவுகள் எல்லாம் நீக்கப்படும், மறுபடி புதிதாகப் பதிவார்கள். பந்தலூரை மனதில் வைத்து எழுதிய விதி. ஓட்டியது முழு மாவட்டத்துக்கும்.

மூன்றாம் நாள் கோத்தகிரிக் கிளையிலிருந்து போன். “சார், எங்க ஹட்டி ஒண்ணு மொத்தமா காணோம்.”

ஹட்டி என்றால் படகர் ஊர். அங்கே நிலம் தாத்தா பெயரில், கூட்டுப் பட்டாவில் இருப்பது சாதாரணம். அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று பன்னிரண்டு குடும்பம் அவரவர் பங்கில் தேயிலை பறிக்கும். பட்டா எண் ஒன்றுதான். பந்தலூரில் பொய்யின் அடையாளமாக இருந்த அதே விஷயம் கோத்தகிரியில் முழு உண்மை. கோத்தகிரியில் ஒருவரைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பதிவுகளை நீக்குவதற்கு முதல் நாள் எடுத்த காப்பு நகல் இருந்தது. தினமும் தவறாமல் நகல் எடுத்துவந்தோம். ஆனால் அதிலிருந்து ஒரு முறைகூட மீட்டுப் பார்த்ததில்லை. மீட்க ஆரம்பித்தபோது நகலில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. எழுத்துக் குறியாக்க அமைப்பில் ஏதோ ஒன்று தவறி, ‘பெள்ளி’யும் ‘போஜன்’னும் ‘????’ ஆகியிருந்தார்கள். ஆதார், வங்கிக் கணக்கு எண்களை வைத்துப் பெயர்களைத் திரும்பச் சேர்க்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் கோத்தகிரியின் உரப் பட்டியல் அச்சாகிவிட்டது. அந்த ஹட்டியின் குடும்பங்கள் அதில் இல்லை. அந்தப் பருவத்து உரத்தை அவர்கள் வெளிக்கடையில் முழு விலைக்கு வாங்கினார்கள்.

நானும் கோத்தகிரிக் கிளை அலுவலரும் ஹட்டிக்குப் போய், அவர்களுடைய கூட்டம் நடக்கும் இடத்தில் நின்று, நடந்ததை அப்படியே சொன்னோம். ஒரு பெரியவர், “எங்க பேரை அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டு தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்கும்படி வைத்திருப்பவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது. அந்தப் பெரியவர் கேட்டதும் அதையேதான்.

பிறகு நடந்தது

அதன்பின் எந்தப் பதிவையும் அலுவலகத்தில் உட்கார்ந்து நீக்கவில்லை. பந்தலூரிலும் கூடலூரிலும் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தாங்கள் போட்ட எண்களைத் தாங்களே திருத்தினார்கள். அக்டோபர், நவம்பர் முழுக்க அந்த வேலை. டைரியில் எண் வைத்திருந்தவர்தான் இதில் அதிகம் உதவியவர். எந்த வீட்டில் எதைத் தட்டினார் என்பது பெரும்பாலும் அவருக்கு நினைவிருந்தது.

நிவாரணத் தொகை ஜனவரியில் கைக்குப் போனது. சாய்ந்த வாழைக்கு ஆறு மாதம் கழித்து வரும் பணத்துக்கு நிவாரணம் என்று பெயர் வைப்பது கஷ்டம். அந்த அக்கா இடையில் வட்டிக்கு வாங்கியிருந்தார். பட்டா வைத்திருந்த பெரியவருக்கு வாழைப் பணம் கிடைத்தது. மிளகு நாற்று கிடைக்கவில்லை. மிளகு நடுவது மழைக்காலத்தில். அந்த மழை போய்விட்டது. அடுத்த ஆண்டு முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

களப்பணியாளர்களுக்கு 17(பி) வரவில்லை. எழுத்து மூலம் விளக்கம் வாங்கியதோடு விட்டார்கள்.

பதவி ஆணையை மேடம் பிப்ரவரியில் திருத்தினார். தகவல் அலுவலர் இப்போது நேரடியாக இயக்குநரிடம் கோப்பு வைக்கலாம். எந்தப் படிவமும் அவர் பார்க்காமல் பயன்பாட்டுக்கு வராது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வந்தது. மாதம் ஒரு நாள், காப்பு நகலிலிருந்து ஒரு கிளையின் தரவை மீட்டு, தமிழ்ப் பெயர்கள் சரியாக வருகின்றனவா என்று வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறார்கள்.

மாற்றிச் செய்யவேண்டியவை

மறுபடி அதே ஜனவரியில் சேர்ந்தால், முதல் வாரம் சர்வர் அறைக்குப் போகமாட்டேன். புழக்கத்தில் இருக்கும் எல்லாப் படிவங்களையும் எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அதைக் கேட்டவர் யார், அந்த விடையை வைத்து எடுக்கப்போகும் முடிவு என்ன என்று எழுதச் சொல்வேன். எழுதமுடியாத கட்டத்தை எடுத்துவிடுவேன். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் 1980-இல் வந்து 1995-இல் திருத்தப்பட்ட காகிதப் பணிக் குறைப்புச் சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசு பொதுமக்களிடம் தகவல் கேட்கும் படிவத்தில் ஒப்புதல் எண்ணும் அது காலாவதியாகும் நாளும் இருக்கும். அந்த எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று யாரையும் தண்டிக்கமுடியாது. நாங்கள் சின்ன அளவில் அதைப் பின்பற்றிப் பார்த்தோம். எங்கள் படிவங்களின் அடியில் இப்போது எண், இயக்குநர் ஒப்புதல் கொடுத்த தேதி, ஓராண்டில் முடியும் தேதி மூன்றும் இருக்கின்றன. தேதி முடிந்தால் மறுபடி காரணம் எழுதவேண்டும். இதுவரை இரண்டு படிவங்கள் காரணம் எழுத ஆள் இல்லாமல் நின்றுபோயின. யாரும் அவற்றைத் தேடவில்லை.

ஒவ்வொரு கட்டாயக் கட்டத்திலும் ‘இல்லை’ என்றும் ‘தெரியவில்லை’ என்றும் எழுத இடம் வைப்பேன். மென்பொருள் ஒப்பந்தத்தில் படிவத்தை நாங்களே மாற்றிக்கொள்ளும் வசதியை முதல் நிபந்தனையாக வைப்பேன். எந்தப் படிவத்தையும் வெளியிடும் முன் கூடலூரில் ஒரு திண்ணையிலும் கோத்தகிரியில் ஒரு ஹட்டியிலும் உட்கார்ந்து நிரப்பிப் பார்ப்பேன். மாவட்டத்துக்கு ஒரே விதி என்று எழுதும்போது ஐந்து கிளையையும் கேட்பேன். முழுப் பச்சை வரைபடத்தைப் பார்த்தால் கை தட்டமாட்டேன், வண்டி ஏறுவேன்.

தீராதவையும் இருக்கின்றன. பிரிவு 17 நிலத்தின் நிலை எங்கள் படிவத்தால் மாறப்போவதில்லை. பட்டா கேட்கும் திட்டங்களில் அந்த மக்களுக்கு இன்றும் இடம் இல்லை. அதை ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு, பெயர் இல்லாமல், மேலே எழுதுகிறோம். சிக்னலுக்கு இன்னும் பாறை ஏறத்தான் வேண்டியிருக்கிறது. டேப்லெட்டில் பதிந்து வைத்துக்கொண்டு கிளைக்கு வந்து அனுப்பும் வசதி வந்துவிட்டது, ஓ.டி.பி. மட்டும் அந்த வீட்டுப் போனுக்குத்தான் வரும்.

83 பேரில் நான்கு பேரை இன்னும் கண்டுபிடிக்கமுடியவில்லை. எஸ்டேட் வேலைக்கு வேறு ஊர் போயிருக்கலாம், பெயரைத் தவறாகத் தட்டியிருக்கலாம். அந்த நான்கு பதிவுகளையும் நீக்கவில்லை. ‘நேரில் பார்க்கவில்லை’ என்ற குறிப்போடு அப்படியே இருக்கின்றன. மழை விட்டதும் களப்பணியாளர் மறுபடி போய்ப் பார்ப்பார்.